இளிவரலிலிருந்து நகைக்கு: ஸ்டெம்செல் மாற்றுக்குப் பின்னான சிரிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

நண்பர் ஒருவர். வீதி நாடகக்காரர், தொழிற்சங்க வேலைகளிலும் இருந்தவர். ரத்தப் புற்றுநோய் வந்து, அவருடைய அக்காவிடமிருந்து ஸ்டெம்செல் எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். வார்டிலிருந்து வெளியே விட்டாலும் ஊருக்குப் போகக் கூடாது, நூறு நாளாவது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து அவரும் அக்காவும் தங்கியிருந்தார்கள். நாற்பதாவது நாளோ என்னவோ, நாங்கள் நான்கு பேர் பார்க்கப் போனோம். செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவி, மாஸ்க் கட்டிக்கொண்டு, பேருந்திலேயே தயார்செய்து வைத்திருந்த முகங்களை மாஸ்க்குக்கு மேலே பொருத்திக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

சிகிச்சைக்குப் பணம் திரட்ட ஒரு துண்டறிக்கை எழுதியிருந்தோம். வரைவு என்னுடையது. 'புற்றுநோயை எதிர்த்துக் களத்தில் நிற்கும் போராளிக்குத் தோள் கொடுப்போம்' என்று தலைப்பு. அவர் வாங்கிப் படித்தார். வாயெல்லாம் புண்ணாகி அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்த சமயம், பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"போராடுறது நான் இல்லப்பா. அக்காவோட செல்லுதான் உள்ள போராடிக்கிட்டிருக்கு. நான் மண்டபத்த வாடகைக்கு விட்டிருக்கேன், அவ்வளவுதான்."

அக்கா மட்டும் சிரித்தார். எங்களில் ஒருவர், "அப்படியெல்லாம் பேசாதீங்க தோழர், மனசு தளரக் கூடாது" என்றார். நண்பர் அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மேடையில் நல்ல வசனம் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வராதபோது நடிகன் பார்க்கும் பார்வை அது.

திரும்பி வரும்போது எனக்குள் இருந்தது இரக்கம் அல்ல, ஒருவித மனத்தாங்கல் என்பது புரிந்தது. நாங்கள் ஒரு வீரனைப் பார்க்கப் போனோம். அவன் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சிரிப்பை ஏன் எங்களால் வாங்கிக்கொள்ள முடியவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் இக்குறிப்புகள் தொடங்குகின்றன.

2

முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1956இல் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு அவரோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஒரே அச்சான இரட்டையரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார். பல தோல்விகளுக்குப் பிறகு இச்சிகிச்சை நிலைபெற்று 1990இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று பெரும்பாலும் எலும்பைத் துளைத்து எடுப்பதில்லை. ரத்தத்திலிருந்தே ஸ்டெம்செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். சிலருக்கு அவர்களுடைய செல்லையே எடுத்து வைத்திருந்து திருப்பி ஏற்றுவது உண்டு, சிலருக்கு இன்னொருவருடையது.

நடைமுறையைக் கவனித்துப் பாருங்கள். கடுமையான கீமோ மருந்துகளால் நோயாளியின் மஜ்ஜையை முற்றாக அல்லது பெருமளவு அழிக்கிறார்கள். அப்புறம் ஒரு பை கொண்டுவந்து மாட்டுகிறார்கள். சாதாரண ரத்தப் பை மாதிரிதான். சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெட்டு இல்லை, தையல் இல்லை. மாதக்கணக்காக, கடன் வாங்கி, கோயிலுக்கு வேண்டி, கையெழுத்துப் போட்டுக் காத்திருந்த அந்த மகா சம்பவம் ஒரு சொட்டு மருந்துபோல இறங்கி முடிந்துவிடுகிறது. இவ்வளவுதானா என்று கேட்காத நோயாளி இல்லை என்கிறார்கள். செல்கள் உறையவைத்துப் பாதுகாக்கப்பட்டவையென்றால் அதில் சேர்த்த ரசாயனத்தால் நோயாளியின் மூச்சிலும் தோலிலும் ஓரிரு நாள் பூண்டு வாடை அடிக்கும். புனர்ஜென்மம் பூண்டு வாசனையோடு வருகிறது.

அந்த நாளுக்குப் பூஜ்ய நாள் என்று பெயர். அங்கிருந்து நாட்களை எண்ணுகிறார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் புதிய செல்கள் மஜ்ஜையில் இடம்பிடித்து வேலை தொடங்க வேண்டும். நம் ஊரில் மாங்கன்றுக்குச் சொல்வதைப் போலவே 'ஒட்டுப் பிடிச்சிருச்சா' என்றுதான் நண்பரும் அக்காவும் கேட்டுக்கொண்டார்கள். நியூட்ரோபில் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நிற்க வேண்டும். அதுவரை ஒரு சாதாரணக் கிருமி போதும். பழத்தைத் தோலோடு தின்னக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குழந்தைகள் அருகில் வரக் கூடாது. ஒட்டுப் பிடித்தபின்னும் தொல்லை தீர்வதில்லை. வந்த செல்கள் வீட்டுக்காரரை அந்நியன் என்று நினைத்து அடிக்க ஆரம்பிக்கலாம்: தோல், குடல், ஈரல், கண், வாய். விருந்தாளி வீட்டுக்காரனை விரட்டும் இந்த நோய் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்.

கவனிக்க வேண்டியது, இந்த நடைமுறைக்குள்ளேயே நகைச்சுவையின் கட்டுமானம் இருக்கிறது. எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்குமான இடைவெளி, பாத்திரங்கள் இடம்மாறுதல், ஆள்மாறாட்டம். ரத்த வகை மாறிப்போகிறது. ஓ குரூப்காரர் பி ஆகிவிடுகிறார். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் நினைவைப் பழைய மஜ்ஜையோடு சேர்த்து உடம்பு இழந்துவிடுவதால் நாற்பது வயதுக்காரர் போலியோவுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மறுபடி ஊசிபோட வரிசையில் நிற்கிறார். கொடையாளியைத் தேடும் பொருத்தக் கணக்கில் மருத்துவர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் பத்து அடையாளங்கள். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 'எனக்கும் அக்காவுக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தமாம், ஊர்ல சொல்லிடாதீங்க' என்று நண்பர் சொல்லி அக்காவிடம் முதுகில் ஓர் அடி வாங்கினார். இதை அவர் இட்டுக்கட்டவில்லை. அறிவியல் எழுதிவைத்திருந்த நகைச்சுவையை அவர் வாசித்தார், அவ்வளவே.

3

ஆனால் நமக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஏன்?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பிணியை எங்கே வைக்கிறது என்று பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் என்பது ஒன்று. தாழ்வுணர்ச்சி, அருவருப்பு, தன்னிலை குன்றுதல் எல்லாம் சேர்ந்த சொல் அது. இளிவரல் பிறக்கும் இடங்கள் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அதாவது நோயாளியின் உடம்பு என்பது நம் கவிதையியலில் தொடக்கத்திலேயே இளிவரலின் வீடு. நகை பிறக்கும் இடங்கள் வேறு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இரண்டு பட்டியலுக்கும் நடுவே கதவு கிடையாது. இலக்கணம் பிற்பாடு வந்த எல்லோருடைய மனத்திலும் சட்டம்போல் வேலைசெய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரிவினை நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது.

நம் வெகுசன சினிமா இளிவரலைக்கூடத் தாங்கவில்லை. 'வாழ்வே மாயம்' (1982) வந்த காலத்திலிருந்து ரத்தப் புற்றுநோய் என்பது தமிழ்ப் படத்தில் ஒரு காதல் வியாதி. உடம்பு இல்லாத வியாதி. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, வாய்ப்புண் இல்லை. கைக்குட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு, பிறகு தியாகம், பிறகு பாட்டு. முக்கியமாக, அதில் குணமாதல் என்பதே கிடையாது. குணமாகும் காலத்தின் மெதுவான, அசிங்கமான, அலுப்பான நாட்களைச் சொல்ல நமக்கு ஒரு கதையாடல் இல்லை. சாவுக்கு ஒரு பாஷை இருக்கிறது, வெற்றிக்கு ஒரு பாஷை இருக்கிறது. நாற்பதாவது நாளுக்கு இல்லை.

இயக்கக்காரர்களாகிய நாமும் அதே கிடங்கிலிருந்துதான் சொற்களை எடுத்தோம். தியாகம் என்று எழுதாமல் போராட்டம் என்று எழுதினோம், அவ்வளவுதான் வேறுபாடு. சூசன் சொண்டாக் 'இல்னெஸ் ஆஸ் மெட்டஃபர்' (1978) நூலில் புற்றுநோயைப் போர்மொழியால் பேசுவதன் வன்முறையை விரிவாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்து, மேற்கோள் காட்டி, கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். துண்டறிக்கை எழுதும்போது கை தானாகப் 'போராளி' என்று எழுதியது.

4

நகைக்கான நான்கு இடங்களில் முதலாவதாகிய எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைப் பார்க்கலாம்.

இவான் ஹேண்ட்லர் அமெரிக்க நாடக நடிகர். 1985இல் இருபத்துநான்கு வயதில் தீவிர ரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, பின்னர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் செய்துகொண்டவர். அந்த அனுபவத்தை 1993இல் 'டைம் ஆன் ஃபயர்' என்ற தனிநபர் நாடகமாக நியூயார்க்கில் நடித்தார். 1996இல் அது நூலாக வந்தது. துணைத்தலைப்பில் தன் கதையைப் பயங்கரங்களின் இன்பியல் என்று சொல்லிக்கொள்கிறார்; ஷேக்ஸ்பியரின் தவறுகளின் இன்பியலை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அது.

ஹேண்ட்லரின் சிரிப்பு இதமானது அல்ல. அது கோபத்தின் இன்னொரு பெயர். தன்னைப் பிழைக்கமாட்டாதவனாக முன்கூட்டியே முடிவுகட்டிவிட்ட முகங்கள், கவனக்குறைவுகள், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் அதிகாரம் எல்லாவற்றையும் அவர் பதிவுசெய்கிறார். நன்றியுள்ள நோயாளியாக இருக்க மறுக்கிறார். இதில் முக்கியமானது, அவர் தன்னையும் விட்டுவைப்பதில்லை. தன் சுயநலம், எரிச்சல், உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களை வதைத்தது எல்லாம் அதே வெளிச்சத்தில் வருகின்றன. இங்கேதான் எள்ளலின் இரு வகையும் ஒன்றாகின்றன. பின்னால் கட்டு அவிழ்ந்து தொங்கும் ஆஸ்பத்திரி அங்கியில் நிற்கும் ஒருவனை நிறுவனம் ஏற்கெனவே எள்ளிவிட்டது. அந்த அங்கியே ஓர் எள்ளல். அவன் அதைத் தானே எடுத்து, தானே சொல்லி, தானே நகும்போது, பார்க்கப்படும் பொருளாக இருந்தவன் பார்க்கிறவனாக மாறுகிறான். மருத்துவச் சொல்லாடலில் நோயாளிக்கு இருக்கும் ஒரே வினை 'புகார் கூறுதல்'. ஹேண்ட்லர் அதை விமர்சனமாக்குகிறார். ஒரு விமர்சகனாக எனக்கு இது உறைக்கிறது. வார்டில் படுத்திருப்பவனின் கேலிதான் அங்கே நடக்கக்கூடிய ஒரே இலக்கிய விமர்சனம். தன்மேல் எழுதப்படும் பிரதியை அவன் வாசித்து மறுக்கிறான்.

இதற்கும் வரம்பு உண்டு. ஹேண்ட்லர் வாதாட முடிந்தவர். படித்தவர், நகரத்தவர், உடன் வாதாடக் குடும்பம் இருந்தவர், ஓர் ஊர் சரியில்லை என்றால் இன்னோர் ஊருக்குப் போக முடிந்தவர். நம் மருத்துவமனை வராந்தாவில் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஐயா சொன்னா சரிங்க' என்று நிற்கும் ஒருவர் அதே கேலியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் சிரிப்பு டீக்கடையில் நடக்கும், கழிப்பறை வரிசையில் நடக்கும், நள்ளிரவில் பக்கத்துப் படுக்கைக்காரரின் உதவியாளரோடு நடக்கும். அச்சில் வராத அந்தச் சிரிப்பின் வரலாற்றை யாரும் எழுதவில்லை.

5

சிரிப்பு நல்ல மருந்து என்கிற பேச்சை இந்த இடத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் நவீன மூலவர் நார்மன் கசின்ஸ். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964இல் முதுகெலும்பைப் பாதிக்கும் கடும் நோய் என்று கண்டறியப்பட்டபோது, மருத்துவமனையை விட்டு ஓட்டல் அறைக்குப் போய், மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாத தூக்கம் கிடைத்ததாக எழுதினார். 1976இல் மருத்துவ இதழிலும் 1979இல் நூலாகவும் அது வந்தது. அவருடைய அனுபவத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. ஓட்டலுக்குப் போனதில் இருக்கும் கலகமும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதிலிருந்து கிளைத்து வளர்ந்த உபதேசம் வேறு. சிரித்தால் குணமாவாய் என்பது வெகு சீக்கிரம், குணமாகவில்லையென்றால் நீ சரியாகச் சிரிக்கவில்லை என்று புரண்டுவிடும். குற்றம் நோயாளியின் தலையில் விழுகிறது.

பார்பரா எஹ்ரன்ரைக் மார்பகப் புற்றுநோய் வந்தபிறகு 2001இல் ஒரு கட்டுரையும் அதை விரித்து 2009இல் ஒரு நூலும் எழுதினார். இளஞ்சிவப்பு ரிப்பன்கள், கரடி பொம்மைகள், எப்போதும் நம்பிக்கை பேசு என்ற கட்டாயம் ஆகியவை நோயாளியின் கோபத்தை எப்படிச் சந்தைக்குத் தோதாக மழுங்கடிக்கின்றன என்பதை அவர் காட்டுகிறார். தொல்காப்பியம் சொல்லும் மடன் என்பதற்கு, பிறர் கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு விடாதிருத்தல் என்று உரை சொல்லும். 'பாசிட்டிவா இருங்க' என்பது நம் காலத்தின் மடன். அதுவும் நகைக்கு உரியதுதான். ஆனால் அதில் நகைக்கப்பட வேண்டியவன் நோயாளி அல்ல, அவனுக்கு அதைக் கற்பிக்க வந்த நாம்.

ஆக, நோயாளியின் சிரிப்பு அவனுக்குச் சொந்தமாக இருக்கும்வரைதான் சிரிப்பு. அதைக் கேட்டு வாங்கினால் அது உழைப்பு. பார்க்க வந்தவர்களின் பயத்தைத் தணிப்பதற்காக, வாய்ப்புண்ணோடு, கூலியில்லாமல் செய்யப்படும் உழைப்பு. தொழிற்சங்கக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

6

சொண்டாக்கின் முடிவு இங்கே நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. 1975இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். 2004இல் ரத்தம் தொடர்பான புற்றுநோய் வந்து சியாட்டிலில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் செய்யப்பட்டது. பலிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 28இல் நியூயார்க்கில் இறந்தார். மகன் டேவிட் ரீஃப் 2008இல் எழுதிய நினைவு நூலைப் படிக்கும்போது நெஞ்சை அடைப்பது சாவு அல்ல. சாவைப் பற்றிய எந்தச் சொல்லும் அந்த அறைக்குள் நுழைய முடியாமல் போனதுதான். அம்மா பிழைத்தே தீருவேன் என்று நின்றார். சுற்றியிருந்தவர்கள் நம்பிக்கையை ஊட்டிக்கொண்டே இருந்தார்கள். மகனுக்கு விடைபெறும் வார்த்தை கிடைக்கவில்லை. நோயிலிருந்து உருவகத்தை உரித்தெடுத்தவருடைய கடைசி மாதங்களில் உருவகம் இல்லாமலேயே மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. வாழ ஆசைப்பட்டார். ஆனால் உருவகத்தை அகற்றிவிட்டால் மட்டும் போதாது, அந்தக் காலி இடத்தில் எதைப் பேசுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. கேலி அங்கே ஒரு சன்னலைத் திறந்திருக்கலாம். திறக்காமலும் போயிருக்கலாம்.

சொண்டாக் அந்நூலில் ஆரோக்கியத்தையும் நோயையும் இரு ராச்சியங்களாகச் சொல்வார். சுலைக்கா ஜவாத் அந்த உருவகத்தின் நடுவே இருக்கும் வெற்றிடத்தையே 'பிட்வீன் டூ கிங்டம்ஸ்' (2021) என்று தன் நூலுக்குப் பெயராக வைத்தார். இருபத்திரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய். 2012இல் தம்பியின் செல்களைக்கொண்டு மாற்று. அவர் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சிகிச்சை முடிந்த நாளில்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது என்பது. எல்லோரும் வாழ்த்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வாழ்வது எப்படி என்று அவருக்கு மறந்துவிட்டிருந்தது. நோயின்போது தனக்குக் கடிதம் எழுதிய முன்பின் தெரியாதவர்களைத் தேடி நூறு நாள் காரில் அலைந்தார். சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க் 1995இல் நோய்க் கதைகளை மீட்சி, குழப்பம், தேடல் என மூன்றாக வகுத்தார். ஜவாத்தின் நூல் தேடலில் முடிவதுபோலத் தோன்றும். ஆனால் நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியில் நோய் திரும்பியது. 2022இல் இரண்டாவது மாற்று. வாழ்க்கை நூலின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டது. மூன்று வகைக்கும் அடங்காத, ஒருநாள் மீட்சியாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருக்கும் காலத்துக்கு நகைச்சுவையைத் தவிர வேறு என்ன வடிவம் பொருந்தும்? அது முடிவைக் கோருவதில்லை. ஒரு துணுக்கு அன்றைக்குச் செல்லும். நாளைக்கு வேறு.

7

பக்தின் பெயரைச் சொல்லாமல் சிரிப்பைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் அவருடைய கார்னிவலை இறக்குமதி செய்தபோது நாம் ஒன்றை விட்டுவிட்டோம். இளமை முதலே எலும்பையும் மஜ்ஜையையும் அரிக்கும் அழற்சி நோயால் அவதிப்பட்டவர் பக்தின். 1938இல் காலை வெட்டியெடுத்தார்கள். ராபலேயைப் பற்றிய ஆய்வேட்டை 1940இல் முடித்துக் கொடுத்தார். நாடுகடத்தலையும் வலியையும் கண்ட, ஒற்றைக்கால் மனிதர் ஒருவர் எழுதியதுதான் திறந்த உடம்பின், தின்னும், கழியும், பெறும் உடம்பின் மாபெரும் கொண்டாட்டம். அவருக்கு அது மேலிருந்து கிடைத்த கோட்பாடு அல்ல.

மாற்றுச் சிகிச்சை வார்டு, கார்னிவலுக்கு நேர் எதிரான இடம். உடம்பின் எல்லா வாசல்களுக்கும் காவல் போட்டிருக்கிறது. உண்டதும் கழிந்ததும் அளந்து எழுதப்படுகின்றன. ஆனால் அங்கேயிருந்து வெளிவருகிற உடம்பு பக்தினின் உடம்புதான். முடிந்துபோகாத, ஒன்றுக்குள் இன்னொன்றான உடம்பு. அறிவியல் இதற்குக் கிரேக்கப் புராணத்தின் கலப்பு விலங்கான கைமேராவின் பெயரை வைத்திருக்கிறது. அக்காவின் ரத்தம் தம்பிக்குள் ஓடுகிறது. ரத்தத்தைச் சோதித்தால் அக்காவின் மரபணு. இதய மாற்றுச் செய்துகொண்டு, பிற்பாடு புற்றுநோயையும் கண்ட பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லுக் நான்சி 2000இல் எழுதிய 'ஊடுருவி' என்ற சிறு நூலில், நான் என்பதற்குள் அந்நியன் வந்தபின் எது நான் என்று கேட்டுக்கொண்டே போவார். தத்துவம் பல பக்கங்களில் கேட்பதை நண்பர் ஒரே வரியில் கேட்டார்: "இனிமே எங்கக்காகிட்ட சொத்துல பங்கு கேட்டா, யார்கிட்ட யார் கேக்கறது?"

இன்னொன்றையும் அவர் கேட்டார். "அக்கா பொருந்தாம, பதிவேட்டுல பேர் தெரியாத யாரோ ஒருத்தர் குடுத்திருந்தா என் ரத்தம் இப்ப என்ன சாதி? தாசில்தார் ஆபீஸ்ல போய்க் கேட்டா சொல்லுவாங்களா?" இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஏனென்றால் இது எங்களுக்குப் பழக்கமான அரசியல் கேலி. ரத்தத்தின் பெயரால் மணத்தையும் மயானத்தையும் பிரிக்கும் ஒரு சமூகத்தில், முழு ரத்தத்தையும் வேறொருவருடையதாக மாற்றிக்கொண்டு ஒருவர் நடமாட முடியும் என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அவரைப் பொறுத்தவரை மண்டபக் கேலிக்கும் இந்தக் கேலிக்கும் வேறுபாடில்லை. இரண்டும் அதே உடம்பிலிருந்து, அதே வேலையைச் செய்யவே வந்தன. கருத்துள்ள கேலிக்கு மட்டும் சிரிப்போம் என்ற எங்கள் ஒழுக்கம்தான் நடுவில் கோடு போட்டது.

8

நண்பரைச் சென்ற மாதம் பார்த்தேன். இரண்டு வருடம் ஆகிறது. அக்காவின் செல்கள் அவருடைய கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கியிருக்கின்றன. மாற்றுச் செய்துகொண்டவர்கள் பலருக்கு வருவதுதான். கண்ணில் ஈரம் ஊறாது. மணிக்கு ஒருதரம் செயற்கைக் கண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும். பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, அண்ணாந்து, இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு சொன்னார்:

"கண்ணீர மெடிக்கல்ல வாங்கறேன். புட்டி நானூறு ரூவா. அதனால எல்லாத்துக்கும் அழ முடியறதில்ல, பாத்துத்தான் செலவு பண்ணணும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த கேலிக்காக நான் காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. போராளியைக் கேட்டுப் போய் நின்ற அதே ஆள், இப்போது கோமாளியைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"டீ போடட்டுமா" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார். "போடுங்க" என்றேன். அன்று அவர் வேறு கேலி எதுவும் சொல்லவில்லை. நாங்கள் டீ குடித்தோம்.

துண்டறிக்கையின் தலைப்பை அப்போது நாங்கள் மாற்றவில்லை. போராளி என்றேதான் அச்சாகிப் பேருந்து நிலையம் வரை போனது. பணமும் ஓரளவு வந்தது. அவர் சொன்ன வாக்கியத்தைத் தலைப்பாகப் போட்டிருந்தால் வந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.